பழைய எஸ்பிரஸ்ஸோ மிஷின் மக்கர் பண்ணுனா: எந்தக் கோளாறுக்கு எங்க கை வைக்கிறது

மன்னார்குடி பக்கம் மூடிட்ட ஒரு பேக்கரியிலேருந்து ரெண்டு குரூப் (காபி இறங்குற தலை) வச்ச இத்தாலி மிஷின் ஒண்ண வாங்கி, சின்ன யானையில ஏத்தி கும்பகோணம் கொண்டாந்து இறக்குனப்ப எங்க அத்தை கேட்ட மொத கேள்வி, "கல்யாண மண்டபத்துல புஸ்ஸுன்னு நுரை அடிச்சு குடுப்பாங்களே, அந்த மிஷினாடா?" இல்ல அத்தை, அது வெறும் ஸ்டீம் பாய்லர், இன்ஸ்டன்ட் தூள் போட்ட பாலுக்குள்ள ஆவிய விட்டு நுரை கட்டுறது, அதுக்கு எஸ்பிரஸ்ஸோன்னு பேரு வச்சுட்டாங்க, இது அழுத்தி காபி இறக்குற மிஷின்னு சொன்னேன். "ரெண்டும் புஸ்ஸுன்னுதானே சத்தம் போடும்"னு உள்ள போயிட்டாங்க. அத்தை சொன்னது ஒரு வகையில சரிதான், இந்த மிஷின் எந்த இடத்துல புஸ்ஸுங்குது, எந்த இடத்துல புஸ்ஸுங்காம இருக்குங்கிறத வச்சே பாதி கோளாறு தெரிஞ்சுரும்.

நான் மெக்கானிக் இல்ல, ரெண்டு வருஷமா இந்த ஒரு மிஷினோட மல்லுக்கட்டுனவன் அவ்வளவுதான். அதுல கத்துக்கிட்டத அறிகுறி வாரியா எழுதுறேன், உங்க மிஷின் என்ன பண்ணுதோ அந்த இடத்துக்கு நேரா போய் படிங்க, ஆனா அதுக்கு முன்னாடி கீழ இருக்கிற ரெண்டு விஷயத்த மட்டும் தாண்டிப் போயிராதீங்க.

முள்ளு ரெண்டு, பிரஷரும் ரெண்டு

முன்னாடி ரெண்டு கேஜ் இருக்கும், இல்லாட்டி ஒரே கேஜுல ரெண்டு முள்ளு இருக்கும். சின்ன அளவு பாய்லரோட ஆவி பிரஷர், 1லேருந்து 1.2 பார்ல (பார்ங்கிறது பிரஷர் அளவு) நிக்கணும். பெரிய அளவு பம்ப்போட பிரஷர், காபி இறங்கும்போது 9 பார் காட்டணும். இந்த ரெண்டுக்கும் நேரடி சம்பந்தமே கிடையாது. பாய்லர்ல இருக்கிற தண்ணி காபிக்குள்ள போகாது, பாய்லருக்கு உள்ளயே ஒரு குழாய் ஓடும், அதுக்குள்ள இருக்கிற புதுத் தண்ணி சுத்தி இருக்கிற சூட்டுல சூடாகி குரூப்புக்கு வரும், இததான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மிஷின்னு சொல்றாங்க. 1961ல வந்த ஃபேமா இ61ங்கிற மிஷின்தான் மோட்டார் பம்ப்ப வச்சு இந்த வேலைய கடை கடையா கொண்டுபோனது (அந்த வருஷம் வந்த சூரிய கிரகணத்த வச்சுதான் அந்தப் பேரே), இன்னைக்கு செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கிற பழைய கடை மிஷின்ல முக்காவாசி இந்த வகையாதான் இருக்கும்.

ஏன் இத மொதல்ல சொல்றேன்னா, காபி சரியில்லன்னதும் எல்லாரும் ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு பிரஷர் ஸ்விட்ச (பாய்லர் பிரஷர வச்சு ஹீட்டர போட்டு நிறுத்துறது) திருப்ப ஆரம்பிச்சுருவாங்க, நானும் அதத்தான் பண்ணுனேன், ஒரு வாரம் வீணா போச்சு. எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல தண்ணிய பாருங்க, அப்புறம் உப்புப் படிவ பாருங்க, ஸ்க்ரூ எல்லாத்துக்கும் கடைசி.

கரண்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி

ரெண்டு குரூப் மிஷின்னா எலிமெண்ட் (தண்ணிய சூடாக்குற ஹீட்டர்) பெரும்பாலும் 3000 வாட்டுக்கு மேலதான் இருக்கும். 3300 வாட்னா 230 வோல்ட்ல 14 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அத கிச்சன்ல மிக்ஸி போடுற பாயிண்ட்ல சொருகாதீங்க, மீட்டர் போர்டுலேருந்து தனியா 4 ஸ்கொயர் ஒயர் இழுத்து 20 ஆம்ப் எம்சிபி (லோடு கூடுனா விழுற ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா விழுற ஸ்விட்ச்) போட்டுருங்க, எர்த் கம்பி நெஜமாவே எர்த்துக்குப் போகுதான்னு எலக்ட்ரீசியன விட்டு பாத்துக்கங்க. நிறைய கடை மிஷின்ல எலிமெண்ட்டுக்குள்ள மூணு காயில் இருக்கும், த்ரீ ஃபேஸ்ல ஓடிட்டிருந்திருக்கும், வீட்டு சிங்கிள் ஃபேஸுக்கு லிங்க் பட்டை மாத்திப் போடணும், தெரியாட்டி தெரிஞ்ச ஆள கூப்புடுங்க.

1 பார் ஆவின்னா உள்ள தண்ணி 120 டிகிரி. சூடா இருக்கும்போது ஒரு நட்டக்கூட தொடாதீங்க. முள்ளு பூஜ்யத்துல இருந்தாலும் ஸ்டீம் குழாய தொறந்து பாத்து, தொட்டுப் பாத்து, அப்புறம்தான் ஸ்பேனர். ரொம்பப் பழைய மிஷின்ல பாய்லர சுத்தி வெள்ளையா நார் மாதிரி எதாவது சுத்தியிருந்தா அத கையால பிய்க்காதீங்க, அந்தக் காலத்துல அஸ்பெஸ்டாஸ் வச்சு சுத்துவாங்க, தூசி மூச்சுல போச்சுன்னா நுரையீரலுக்கு ஆபத்து. அந்த மாதிரி மிஷின் வேணாம்னு விட்டுட்டு வந்துருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஸ்விட்ச் போட்டதும் ட்ரிப் ஆகுது

என் மிஷின் வந்த அன்னைக்கே இதுதான். போட்டேன், டப்புன்னு ஆர்சிசிபி விழுந்துருச்சு. எலிமெண்ட் போச்சு, புதுசு இத்தாலியிலேருந்து வரணும் போலன்னு தலையில கைய வச்சு உக்காந்துட்டேன்.

எங்க தெருக்கோடியில மோட்டார் காயில் கட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார், குறுவைக்கு முன்னாடி அவர் கடை வாசல்ல போர் மோட்டாரா வரிசைகட்டி கிடக்கும். எலிமெண்ட்ட கழட்டி அவர்கிட்ட கொண்டுபோனேன். மெக்கர (கரண்ட் கசிவு பாக்குற மீட்டர்) வச்சு சுத்திப் பாத்துட்டு, "தம்பி, இது செத்துப்போகல, ஈரம் குடிச்சிருக்கு"ன்னார். எலிமெண்ட் குழாய்க்குள்ள கம்பிய சுத்தி வெள்ளை மாவு ஒண்ணு அடைச்சிருக்கும், மெக்னீசியம் ஆக்சைடு, மிஷின் மாசக்கணக்கா ஓடாம கிடந்தா முனை வழியா காத்துல இருக்கிற ஈரத்த அது உறிஞ்சிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம ஊர்ல பருப்பு டப்பாவே நமுத்துப்போகுது, இது நமுக்காதா. தெரிஞ்ச பேக்கரி அடுப்புல ரொட்டி எடுத்த பிறகு மிச்சம் இருந்த சூட்டுல ஒரு ராத்திரி வச்சேன், காலையில மெக்கர் 1 மெகா ஓமுக்கு மேல காட்டுச்சு, மாட்டுனேன், இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

காய வச்ச பிறகும் மெக்கர் ஏறவே இல்லன்னா குழாய் வெடிச்சிருக்குன்னு அர்த்தம், அத மாத்தித்தான் ஆகணும். இன்னொன்னு, எலிமெண்ட் ஒயர ரெண்டையும் கழட்டி வச்சுட்டு ஸ்விட்ச் போட்டாலும் ட்ரிப் ஆச்சுன்னா குத்தம் எலிமெண்ட் மேல இல்ல, பம்ப் மோட்டார், வால்வு காயில்னு ஒண்ணொண்ணா கழட்டி பாத்துக்கிட்டே போங்க.

சூடேற ஒரு யுகம் ஆகுது, இல்ல சூடே ஆகல

மொதல்ல வோல்ட்டேஜ். கோடையில சாயங்காலம் எங்க தெருவுல 190க்கு இறங்கிடும். பவர் வோல்ட்டேஜோட வர்க்கத்துல குறையும், அதாவது 3000 வாட் எலிமெண்ட் 190 வோல்ட்ல 2050 வாட் கிட்டதான் குடுக்கும், மூணுல ஒரு பங்கு காணாமப் போயிரும். அதுக்கு மிஷின திட்டி என்ன பண்றது, காலையில போடுங்க.

வோல்ட்டேஜ் சரியா இருந்தா, மூணு காயில்ல ஒண்ணு போயிருக்கலாம், மல்ட்டிமீட்டர்ல ஒவ்வொன்னா ஓம் பாத்தா தெரிஞ்சுரும். சுத்தமா சூடாகலன்னா பாய்லர் மேல ஒட்டியிருக்கிற சேஃப்டி தெர்மோஸ்டாட் விழுந்திருக்கும், நடுவுல சின்ன பட்டன் இருக்கும், அமுக்குனா டிக்குன்னு சத்தம் வரும். ஆனா அது சும்மா விழாது, பெரும்பாலும் தண்ணி இல்லாம பாய்லர் காஞ்சப்பதான் விழும், ஏன் காஞ்சுதுன்னு பாக்காம பட்டன மட்டும் அமுக்குனீங்கன்னா அடுத்த தடவ எலிமெண்டே போயிரும்.

அடுத்தது பிரஷர் ஸ்விட்ச் பாயிண்ட். மூடிய கழட்டுனா காண்டாக்ட் ரெண்டும் கருகி குழி விழுந்திருக்கும். என்னுதுல கருகல, ரெண்டு காண்டாக்டுக்கு நடுவுல சித்தெறும்பு ஒரு குடும்பமே நசுங்கி ஒட்டியிருந்துச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு தொடைச்சதும் சரியா போச்சு. கண்ட்ரோல் பாக்ஸுக்குள்ள பல்லியும் போகும், ஒயர் போற ஓட்டை எல்லாத்தையும் ரப்பர் போட்டு அடைச்சிருங்க.

முள்ளு 1 பார் காட்டுது, ஆனா ஆவி வரல

என் ஒரு வாரத்த தின்னது இதுதான், அதனால இத மட்டும் நிதானமா சொல்றேன்.

காலையில ஸ்விட்ச் போட்டேன், இருவது நிமிஷத்துல முள்ளு அழகா 1 பார்ல வந்து நின்னுச்சு, எலிமெண்ட் கட் ஆச்சு. ஸ்டீம் குழாய தொறந்தா ஒரு நொடி புஸ்ஸுங்குது, அப்புறம் முள்ளு சர்ருன்னு பூஜ்யத்துக்கு விழுது, பால் பச்சையாவே இருக்கு. பிரஷர் பத்தலன்னு நெனச்சு ஸ்விட்ச் ஸ்க்ரூவ கால் சுத்து கூட்டுனேன், மறுநாள் இன்னொரு கால் சுத்து, 1.4 வரைக்கும் கொண்டுபோயிட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்ல, நடுவுல சேஃப்டி வால்வு தொறந்துருமோன்னு பயம் வேற. நல்ல மிஷின்ல அது 1.8 பார் வாக்குல தொறக்கும், அது தொறக்குற அளவுக்கு விளையாடுறது புத்திசாலித்தனம் இல்ல.

என்ன நடக்குதுன்னா, பாய்லர் ஆறியிருக்கும்போது மேல பாதிக்கு காத்து இருக்கும். சூடேறும்போது அந்தக் காத்து வெளிய போகணும், போன பிறகு ஆவி மட்டும் நிக்கணும். அதுக்குன்னு பாய்லர் உச்சியில விரல் தண்டி ஒரு வால்வு இருக்கும், வேக்கம் வால்வு. ஆறியிருக்கும்போது அது தன் எடையால கீழ இறங்கி தொறந்திருக்கும், ஆவி வேகமா வரும்போது தூக்கி அடைச்சிக்கும். அது உப்பு புடிச்சு மேலயே ஒட்டிக்கிச்சுன்னா காத்து உள்ளயே மாட்டிக்கும், மாட்டுன காத்தும் சூட்டுல விரிஞ்சு அழுத்தும், காத்து பாதி ஆவி பாதின்னு சேந்து 1 பார் காட்டும், ஆனா தண்ணி 100 டிகிரியக்கூட தொட்டிருக்காது. முள்ளு பொய் சொல்லல, அது பிரஷரத்தான் காட்டுது, அது ஆவிதான்னு நாமளா நெனச்சுக்கிட்டோம்.

கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்ல. சூடேறும்போது முள்ளு 0.5 தாண்டுனதும் ஸ்டீம் குழாய முழுசா தொறந்து காத்த வெளியேத்திட்டு மூடுங்க. முள்ளு விழுந்து, திரும்ப மெதுவா ஏறி, இப்ப வர்ற ஆவி நிக்காம வெள்ளையா பலமா அடிச்சுதுன்னா குத்தவாளி வேக்கம் வால்வுதான். தினமும் இப்படியே காத்த விட்டு ஓட்டலாம், ஆனா அதே வால்வு வேலை செய்யலன்னா மிஷின் ஆறும்போது பாய்லருக்குள்ள வெற்றிடம் உண்டாகி ஸ்டீம் குழாய் வழியா பாலையே உள்ள உறிஞ்சிரும். எனக்கு அதுவும் நடந்துச்சு. மூணாவது நாள் சுடுதண்ணி குழாய தொறந்தா கெட்டுப்போன பால் வாடை, வீடே நாறிப்போச்சு. அத்தை ஒண்ணும் சொல்லல, ஊதுபத்தி மட்டும் ஏத்தி வச்சாங்க.

வால்வ கழட்டுனப்ப உள்ள இருக்கிற பித்தளை ஊசிய சுத்தி மஞ்சளும் வெள்ளையுமா கல்லு மாதிரி உப்பு. சிட்ரிக் ஆசிட் தண்ணியில ஊற வச்சு எடுத்தா ஊசி ஒரு பக்கமா தேஞ்சு போயிருந்துச்சு, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கருங்கல் மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. ஓ-ரிங் பேரிங் கடையில சூடு தாங்குற விட்டான் (Viton) ரப்பர் ரகமா பாத்து வாங்கிட்டேன், சாதா கருப்பு ரப்பர் வேணாம். ஊசிக்கு எங்க போறதுன்னு யோசிச்சுட்டு நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு கடைசல் போடுற பட்டறையில குடுத்தேன். விளக்குத் தண்ட கடையிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்ல, அரை மணி நேரத்துல பழசு மாதிரியே பித்தளையில ஒண்ணு கடைஞ்சு குடுத்துட்டாங்க, ஆனா "இது எந்த சாமிக்குங்க"ன்னு கேட்டாங்க. அத மாட்டிட்டு, திருப்பி வச்ச ஸ்க்ரூ எல்லாத்தையும் பழைய இடத்துக்கே கொண்டாந்தேன்.

உச்சியில விடாம புஸ்ஸுங்குது

இதே வால்வோட இன்னொரு முகம். சூடேறும்போது கொஞ்ச நேரம் புஸ்ஸுன்னு தண்ணி துப்பிட்டு டப்புன்னு அடைச்சிக்கிச்சுன்னா அது சரியா இருக்கு, ஒண்ணும் பண்ணாதீங்க. அடைக்காம விடாம ஒழுகுனா ஓ-ரிங் போச்சு. ஆனா ஆவி பக்கத்துல இருக்கிற பெரிய வால்விலேருந்து வருதான்னு பாத்துக்கங்க, அது சேஃப்டி வால்வு, முள்ளு 1.5க்கு மேல போய் அது தொறந்துச்சுன்னா பிரஷர் ஸ்விட்ச் ஒட்டிக்கிச்சு, எலிமெண்ட் கட் ஆகலன்னு அர்த்தம், உடனே மெயின் ஆஃப். சேஃப்டி வால்வ ரிப்பேர் பண்ண வேணாம், அடைக்கவே வேணாம், புதுசு போடுங்க. இந்த மிஷின்ல காசு பாக்கக்கூடாத ஒரே இடம் அதுதான்.

ஸ்டீம் குழாய்ல தண்ணியா கொட்டுது, பாய்லர் ரொம்பிக்கிட்டே போகுது

டெல்டாவுல இந்த மிஷின் வச்சிருக்கிற ஆளுக்கு கண்டிப்பா வர்ற தலைவலி, காரணத்த கேட்டா சிரிப்பீங்க. தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு.

பாய்லருக்குள்ள மேலேருந்து ஒரு கம்பி தொங்கும், லெவல் புரோப். தண்ணி அத தொட்டதும் தண்ணி வழியா பாய்லர் உடம்புக்கு சின்னதா கரண்ட் பாயும், சரி ரொம்பிருச்சுன்னு கண்ட்ரோல் பாக்ஸ் பம்ப்ப நிறுத்திரும். கரண்ட் பாயணும்னா தண்ணியில உப்பு இருக்கணும். நாம என்ன பண்றோம், போர் தண்ணி உப்பா இருக்கேன்னு 20 லிட்டர் கேன் வாங்கி ஊத்துறோம், கேன் தண்ணி ஆர்ஓல எல்லாம் போய் டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) 30ல இருக்கும், புரோப் தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்தாலும் பாக்ஸுக்கு அது காலியாத்தான் தெரியும், அது பாட்டுக்கு ரொப்பிக்கிட்டே இருக்கும், கடைசியில ஸ்டீம் குழாயிலயும் வேக்கம் வால்விலயும் தண்ணி கொட்டும்.

இதுக்கு நேரெதிரா போர் தண்ணிய அப்படியே ஊத்துனவங்களுக்கும் இதே அறிகுறிதான் வரும், அங்க புரோப் மேல உப்பு தோல் மாதிரி படிஞ்சு கரண்ட தடுத்துரும். அப்ப புரோப்ப கழட்டி உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு மாட்டுனா சரி. ஒயர் கழண்டிருந்தாலும் இதேதான் நடக்கும், மொதல்ல அத பாத்துருங்க, அரை நாள் மிச்சம். சோதிக்க சுலபம்: புரோப் ஒயர கழட்டி பாய்லர் உடம்புல தொட்டா பம்ப் நிக்கணும். நின்னா பாக்ஸ் நல்லாருக்கு, குத்தம் புரோப்லயோ தண்ணியிலயோதான்.

எனக்கு செட்டான வழி கலவை. காபிக்கு டிடிஎஸ் 75லேருந்து 250க்குள்ள இருந்தா நல்லதுன்னு காபிக்காரங்க கணக்கு, 150 கிட்ட இருந்தா உத்தமம். எங்க கேன் 30, எங்க வீட்டு போர் 600, நாலு பங்கு கேன் ஒரு பங்கு போர், கூட்டி அஞ்சால வகுத்தா 144. புரோப்புக்கும் போதும், நாக்குக்கும் போதும். டிடிஎஸ் மீட்டர் பேனா சைஸுல கிடைக்குது, ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. ஆனா வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கடலோரமா இருக்கிறவங்க இந்தக் கணக்க போடாதீங்க, அங்க போர்ல இருக்கிறது கடல் உப்பு, குளோரைடு, அது செம்பையும் பித்தளையையும் அரிச்சு ஊசி ஓட்டை போட்டுரும். அங்கெல்லாம் கொள்ளிடத்துலேருந்து வர்ற கூட்டுக் குடிநீர புடிச்சு வச்சு கலக்குங்க.

தண்ணியே ஏறலன்னா அது இதவிட மோசம். புரோப்ப சுத்தி இருக்கிற வெள்ளை இன்சுலேஷன் மேல ஈரமோ உப்போ பாலம் கட்டிட்டா பாக்ஸ் ரொம்பியிருக்குன்னு நெனச்சுக்கும், பாய்லர் காஞ்சு எலிமெண்ட் வெந்துரும். சைட் கிளாஸ் (தண்ணி மட்டம் தெரியுற கண்ணாடிக் குழாய்) இருந்தா தினமும் ஒரு பார்வை பாருங்க.

பம்ப் கத்துது, முள்ளு ஆடுது

பம்ப் தண்ணிக்கு தவிக்குது. கடை மிஷின்ல இருக்கிற சுத்துற ரோட்டரி பம்ப் குழாய் தண்ணி பிரஷரோட உள்ள வரும்னு நம்பி செஞ்சது. உள்ள கார்பன் தகடுங்க சுத்தும், அதுக்கு தண்ணிதான் எண்ணெய், ஒரு நிமிஷம் காஞ்சு ஓடுனாலும் தேய ஆரம்பிச்சுரும். கேன கீழ தரையில வச்சு உறிஞ்ச விடாதீங்க, மிஷினுக்கு மேல பரண்ல வைங்க. மாடி டேங்க்லேருந்து இழுத்தாலும் 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார், நம்ம மாடி டேங்க் 4 மீட்டர்ல இருந்தா 0.4 பார்தான் வரும், ஆனா அதுவே பம்புக்கு பெரிய உபகாரம். உள்ள வர்ற எடத்துல ஒரு சல்லடை இருக்கும், கழட்டிப் பாருங்க, எனக்கு அதுல பாசியும் பழைய டெஃப்லான் டேப்பும் கெடந்துச்சு.

தண்ணி தாராளமா வந்தும் 9 வரலன்னா இப்ப ஸ்க்ரூ. பம்ப் பக்கவாட்டுல தொப்பி நட்டு இருக்கும், அத கழட்டுனா உள்ள ஸ்க்ரூ, வலது பக்கம் திருப்புனா ஏறும். காபி போட்டு இறக்கிக்கிட்டே, இல்ல ஓட்டையில்லாத பிளைண்ட் ஃபில்டர் மாட்டி ஓட்டிக்கிட்டே திருப்புங்க, தண்ணி சும்மா ஓடும்போது முள்ளு காட்டுறதுக்கு அர்த்தமில்ல. திருப்பியும் ஏறலன்னா பம்ப் தேஞ்சாச்சு.

மிஷின் சும்மா நிக்கும்போது பம்ப் முள்ளு தானா ஏறுதுன்னு பயப்படாதீங்க. மூடுன குழாய்க்குள்ள தண்ணி சூடாகி விரியுது, 11, 12 பார்ல எக்ஸ்பான்ஷன் வால்வு தொறந்து ட்ரேயில ரெண்டு சொட்டு விடும். அது அப்படித்தான் இருக்கணும். 12ம் தாண்டி போய்க்கிட்டே இருந்தா அந்த வால்வு அடைச்சிருக்கு.

பம்ப் 9 காட்டுது, கப்புல ஒண்ணும் இறங்கல

ஹேண்டில (தூள் போட்டு குரூப்புல மாட்டுற கைப்பிடி) கழட்டிட்டு சும்மா ஓட்டிப் பாருங்க. அப்ப தண்ணி நல்லா வந்தா மிஷின் மேல தப்பில்ல, தூள் ரொம்ப நைஸா இருக்கு. அப்பவும் சொட்டு சொட்டாத்தான் வருதுன்னா குரூப்புக்கு மேல இருக்கிற ஜெட் அடைச்சிருக்கு, 0.6லேருந்து 0.8 மில்லிமீட்டர் ஓட்டை, கடுகுல கால்வாசி உப்புத் துணுக்கு போதும். ஊசி விட்டு குத்தி பெருசாக்கிராதீங்க, சிட்ரிக்ல ஊற போட்டு ஊதுங்க.

உப்பு எடுக்கிற வேலைய இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா முக்காவாசிப் பேருக்கு இந்த அறிகுறி உப்பு எடுத்த மறுநாள்தான் வரும், கழண்ட துணுக்கு நேரா ஜெட்டுல வந்து உக்காந்துக்கும். லிட்டருக்கு 40, 50 கிராம் சிட்ரிக் ஆசிட், மளிகைக்கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டா குடுப்பாங்க. 11 லிட்டர் பாய்லருக்கு அரைக் கிலோ. வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு வேக்கம் வால்வு ஓட்டை வழியா புனல் வச்சு ஊத்தி, ராத்திரி விட்டு காலையில வடிச்சு, நல்ல தண்ணி விட்டு நாலு தடவ அலசணும். ஊத்தும்போது எலிமெண்ட்டுக்கு கரண்ட் இருக்கக்கூடாது. பாய்லர் செம்பு, பித்தளையா இருந்தாத்தான் இது, அலுமினியம்னா ஆசிட் வேணாம். காபித் தண்ணி ஓடுற உள் குழாய்க்கு பம்ப் வழியா ஆசிட்ட அனுப்பாம, குரூப் பக்கத்து குழாய கழட்டி தனியா ஊத்துறது நல்லது. ஜெட்டுங்கள மொதல்லயே கழட்டி வச்சுட்டு அலசுங்க. எங்க பாய்லர்லேருந்து வடிச்சப்ப கூட வந்த உப்புக் கல்ல வாரி எடுத்தேன், ஒரு சொம்பு.

ஹேண்டில சுத்தி ஒழுகுது

கேஸ்கட், அதாவது குரூப்புக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம். நேரா உங்கள பாத்து நிக்க வேண்டிய ஹேண்டில் வலது பக்கமா தாண்டிப் போகுதுன்னாலே அது தேஞ்சு இறுகிருச்சு. பழசு சூட்டுல கல்லாகி ஒட்டியிருக்கும், அதுல ஒரு மர ஸ்க்ரூவ முறுக்கி ஏத்தி கொறடு போட்டு இழுங்க, துண்டு துண்டா வரும். 58 மில்லிமீட்டர் ஹேண்டில்னு சொன்னா மட்டும் போதாது, கேஸ்கட் தடிமன் மிஷினுக்கு மிஷின் மாறும், பழசோட தடிமன அளந்து கொண்டுபோங்க, இல்லாட்டி என்ன மாதிரி ரெண்டு தடவ வாங்குவீங்க. பள்ளத்துல இருக்கிற பழைய காபிப் பசைய சுரண்டாம புதுச மாட்டாதீங்க.

காபி முடிஞ்சதும் அந்த 'ப்ஸ்' வரல, தூள் கூழா இருக்கு

நிறுத்துனதும் மிச்ச பிரஷர் ட்ரேக்குள்ள ப்ஸ்ஸுன்னு வெளிய போகணும், அது மூணு வழி சோலினாய்டு வால்வோட (கரண்ட்ல தொறந்து மூடுறது) வேலை. லீவர் தூக்குற இ61 ரகம்னா லீவர் அசைக்கிற வால்வே இத பண்ணும். வரலன்னா வால்வு காபி எண்ணெயில அடைச்சிருக்கு. அப்ப அவசரப்பட்டு ஹேண்டில கழட்டாதீங்க, உள்ள பிரஷர் இருக்கும், சூடான தூள் மூஞ்சியில அடிக்கும். பிளைண்ட் ஃபில்டர்ல மிஷின் கழுவுற பவுடர் அரை ஸ்பூன் போட்டு பத்து செகண்ட் ஓட்டு, பத்து செகண்ட் நிறுத்து, அஞ்சு தடவ, அப்புறம் பவுடர் இல்லாம அதே மாதிரி. மசியலன்னா வால்வ பிரிச்சு பிளஞ்சர தொடைங்க.

எல்லாம் சரியா இருக்கு, காபிதான் வாயில வைக்க முடியல

தீஞ்ச கசப்பா இருந்தா சூடு ஜாஸ்தி. சும்மா நின்ன மிஷின்ல உள் குழாய்த் தண்ணி கொதிநிலைய தாண்டி கிடக்கும், ஹேண்டில் மாட்டுறதுக்கு முன்னாடி தண்ணிய விட்டுப் பாருங்க, சடசடன்னு துப்பிக்கிட்டே வரும், அந்தத் துப்பல் நின்னு அமைதியா விழுந்ததும் நிறுத்திட்டு உடனே காபிய போடுங்க. அப்புறமும் கசந்தா இப்பத்தான் பிரஷர் ஸ்விட்ச் ஸ்க்ரூ, கூட்டல் கழித்தல் அம்புக்குறி போட்டிருக்கும், கால் சுத்து கழித்தல் பக்கம், பத்து நிமிஷம் காத்திருந்து பாருங்க. 0.1 பாருக்கு ஒண்ணரை டிகிரி கிட்ட மாறும். புளிச்சா எதிர்ப்பக்கம், ஆனா புளிப்புக்கு பெரும்பாலும் காரணம் தூள் கொரகொரன்னு இருக்கிறதுதான், 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி 25லேருந்து 30 செகண்டுல இறங்கணும்.

கும்பகோணத்து ஆளா இருந்துக்கிட்டு சொல்லக்கூடாது, ஆனா டிகிரி காபித் தூள இதுல போடாதீங்க. சிக்கரி பசை மாதிரி அடைச்சிக்கும், வால்வு வரைக்கும் போய் ஒட்டும். கொட்டையா வாங்கி அப்பப்ப அரைங்க. நான் சிக்மகளூர் பிளான்டேஷன் ஏ (அரபிகா கொட்டையில ஒரு தரம்) முக்கால் பங்கு, நல்ல ரொபஸ்டா கால் பங்கு போடுறேன், நுரை கெட்டியா நிக்குது.

பாலுக்கு ஆவின் பச்சை பாக்கெட் போதும், 4.5 சதவீதம் கொழுப்பு, ஜில்லுன்னு இருக்கணும். நுரை ஒரு பக்கமா சாஞ்சு சுத்துச்சுன்னா ஸ்டீம் நுனியில ஒரு ஓட்டை அடைச்சிருக்கு, நுனிய கழட்டி கொதிதண்ணியில போட்டு ஊசியால குத்துங்க, இங்க குத்தலாம். அடிச்சு முடிச்சதும் ஈரத்துணியால தொடைச்சுட்டு ஒரு தடவ ஆவிய விட்டுருங்க.

இன்னும் எனக்கு தீராத ஒண்ணு இருக்கு. இடது பக்க ஸ்டீம் வால்வு மூடுன பிறகும் நிமிஷத்துக்கு நாலு சொட்டு விடுது. வாஷர் மாத்திட்டேன், சொட்டு நிக்கல, உள்ள வாஷர் உக்கார்ற பித்தளை விளிம்புல மயிரிழை மாதிரி ஒரு கோடு இருக்கு, டார்ச் அடிச்சா நகத்துல தட்டுப்படுது. அத சமமா தேய்க்க ஒரு கட்டர் வேணும், நாச்சியார்கோயில்ல கேட்டிருக்கேன், விளக்கு வேலை கொறைஞ்சதும் பண்ணித் தர்றேன்னுருக்காங்க. அதுவரைக்கும் கீழ ஒரு டபராவ வச்சிருக்கேன்.